கூறையில் தைத்த லேபிள்

வால்தம்ஸ்டோ
4.10.1987, ஞாயிறு

வெம்பிளி ஈலிங் றோட்டிலை சீலைக்கடை வைச்சிருக்கிற அமராவதி அம்மாவுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. என்ரை பேர் செல்வமலர். போன மாதம் ஆறாம் திகதி எனக்கு இஞ்சை ஒரு ஹோலிலை கலியாணம் நடந்தது. கூறைச் சேலை எடுத்தது உங்கடை கடையிலை. கூறை மாப்பிள்ளை வீட்டார் எடுக்கிறதுதான் எங்கடை வழமை. ஆனால் என்ரை அவருக்கு லண்டனிலை வீடு எண்டும் இல்லை, ஆக்கள் எண்டும் இல்லை. ஒரேயொரு தம்பி, அவரும் கொழும்பிலை படிக்கிறார். அதாலை இவர் தனியாத்தான் வந்து எடுத்தவர். பேர் சிவானந்தன். உங்களுக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது.

சேலை வடிவு. அதிலை நான் பொய்க்குக் குறை சொல்லமாட்டன். நல்ல அரக்குச் சிவப்பு. தாலியோடை தட்டத்திலை வைச்சுச் சபைக்குக் கொண்டு போகேக்கை எல்லாரும் தொட்டு ஆசீர்வதிச்சவை. மனோர் பார்க்கிலை இருக்கிற என்ரை பெரியம்மா பாலாம்பிகை அதோடை விட்டவவே? ஓரத்தைப் பிரட்டி லேபிளைப் பாத்து, "பியூர் சில்க்" எண்டு பின்வரிசைக்கும் கேக்க வாசிச்சவ. எனக்கு வெக்கமாயும் இருந்தது, பெருமையாயும் இருந்தது.

தாலி கட்டி முடிஞ்சு பொரி போடேக்கைதான் அது நடந்தது. ஹோல்காரன் தண்ணி வாளியோடை பக்கத்திலையே நிண்டவன், புகைக்கு அலாம் அடிச்சால் எல்லாத்தையும் நிப்பாட்டிப் போடுவானாம். அதுக்குப் பயந்து ஐயர் வளர்த்தது சின்ன நெருப்பு. அந்தச் சின்ன நெருப்பிலையிருந்து ஒரு பொறி தெறிச்சு என்ரை மடியிலை விழுந்தது.

அம்மா, நான் நாலு வருசமா ஒரு உடுப்புத் தொழிற்சாலையிலை மெஷின் தைக்கிறன். எனக்குத் துணி படிப்பிக்கத் தேவையில்லை. பட்டு எரிஞ்சால் தலைமயிர் கருகின மணம் வரும், நசிச்சால் தூளாய்ப் போகும். என்ரை மடியிலை உருகிச் சுருண்டு மிளகளவிலை ஒரு கறுப்பு மணி. பிளாஸ்ரிக் மணம். அது பொலியெஸ்டர்.

நெருப்பைச் சுத்தி வரேக்கை அந்த ஓட்டையைப் பெருவிரலாலை மூடிக்கொண்டு வந்தனான். ஆரோ ஒருத்தியின்ரை கலியாணத்தைத் தூரத்திலை நிண்டு பாக்கிற மாதிரி இருந்தது. ஆக்கள் பூப்போட்டினம், படம் எடுத்தினம், எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. இண்டைக்கு ஒரு மாதம். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அவருக்கும் சொல்லேல்லை.

நூலகத்திலை ஒரு துண்டுப் பிரசுரம் எடுத்து வாசிச்சனான். ஒரு சாமானை இன்னது எண்டு பொய் எழுதி விக்கிறது குற்றமாம். கவுன்சிலிலை அதுக்கெண்டே ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் எண்டு ஒரு பகுதி இருக்கு. ரெலிபோனிலை கதைச்சனான். சேலையைக் கொண்டுவா, மிச்சத்தை நாங்கள் பாப்பம் எண்டு அந்த ஒபிஸர் சொன்னவன்.

போறதுக்கு முதல் உங்களிட்டை ஒண்டே ஒண்டு கேக்கிறன். இது பட்டில்லை எண்டு வாங்கேக்கை இவருக்குத் தெரியுமோ, தெரியாதோ? ஒரு சொல்லிலை பதில் எழுதினால் போதும். தபால் வாற நேரம் இவர் பெற்றோல் ஷெட் வேலையிலை நிப்பார்.

இப்படிக்கு
செல்வமலர் சிவானந்தன்

*

வெம்பிளி
9.10.1987

அன்புத் தங்கச்சி செல்வமலருக்கு,

புதுப் பொண்ணுக்கு முதல்ல வாழ்த்துச் சொல்லணும்ல? நல்லா இருங்க. பசியாறாத நாளே உங்க வீட்டுல வரக்கூடாது.

உங்க கடுதாசி காலையில வந்துச்சு. மழை, கடையில ஆளே இல்ல. மழை நாள்ல என் கடை வேற மாதிரி ஆயிடும்மா. கண்ணாடி பூரா ஆவி படிஞ்சுரும். வெளியில பஸ் போனா ஒரு செவப்பு கறை மட்டும் மெதுவா நகரும். ஹீட்டரைப் போட்டுட்டு ஸ்டூல்ல உக்காந்தா, அலமாரியில இருக்கிற சேலையெல்லாம் மூச்சு விடுற சத்தம் எனக்குக் கேக்கும். சிரிக்காதீங்க. மலேசியா கிள்ளான்லேருந்து நர்ஸ் படிக்க வந்து, இருபது வருஷம் ஆஸ்பத்திரியோட வெளிறின பச்சை சுவரையே பாத்தவ நான். கலர் பாக்கணும்னே வேலைய விட்டுட்டுக் கடை வச்சேன். வீட்டுக்காரர் போனப்புறம் நான் பேசுறதெல்லாம் இதுங்ககிட்டதான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நெருப்புப் பட்டா எந்தத் துணிதான் தாங்கும்? என் கடைச் சரக்குல பழுது கிடையாது. பன்னெண்டு வருஷமா யாரும் ஒரு குறை சொன்னதில்ல. அதுக்காக உங்க மனசு நோகுறதை நான் பாத்துட்டு இருக்க மாட்டேன். ஒரு சனிக்கிழமை வாங்க, அலமாரி பூரா பாருங்க, மனசுக்குப் புடிச்ச பட்டு ஒண்ணு எடுத்துக்குங்க. கவுன்சில் அது இதுன்னு எதுக்கும்மா அலைச்சல்.

உங்க வீட்டுக்காரரை நல்லா ஞாபகம் இருக்கு. மூணு வாட்டி வந்தாரு. மூணு வாட்டியும் ஷூவைக் கழட்டி வாசல்ல வச்சுட்டுத்தான் உள்ள வந்தாரு. இது கோயிலாப்பான்னு கேட்டேன். "கூறை எடுக்க வந்தனான் அக்கா" அப்படின்னாரு. அப்படி ஒரு ஆளை இந்தக் கடையில நான் பாத்ததில்ல.

அன்புடன்
அமராவதி

*

வால்தம்ஸ்டோ
18.10.1987, ஞாயிறு

அமராவதி அம்மாவுக்கு,

வெள்ளிக்கிழமை அடிச்ச புயலிலை எங்கடை தெருவிலை மூண்டு மரம் விழுந்து கிடக்கு. கரண்ட் இல்லாமல் ஃபக்டரி பூட்டு. நான் நடந்துதான் வீட்டை வந்தனான். நடு றோட்டிலை பச்சை இலை குவிஞ்சு கிடந்தது, கார் ஒண்டும் இல்லை, சனம் எல்லாம் நித்திரையிலை எழும்பி வந்த மாதிரி வாசலிலை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டுது. ஊரிலையும் சண்டை தொடங்கியிட்டுது, ஒருத்தற்றை கடிதமும் இல்லை. எனக்கு எல்லாம் கனவு மாதிரித்தான் கிடக்கு. ஆனால் நீங்கள் என்ரை கேள்வியை விழுங்கினது கனவில்லை.

எனக்கு வேறை சேலை வேண்டாம். கூறையை மாத்தி எடுக்க அது என்ன செருப்பே? தாலி ஏறினது அந்தச் சேலையிலை. ஓட்டையோடை கிடந்தாலும் அதுதான் என்ரை கூறை.

நீங்கள் எழுதினதிலை ஒரு சொல் என்னைக் குத்திக்கொண்டு கிடக்கு. மூண்டு தரம் வந்தவரோ? கூறை எடுக்க ஒரு தரம் போனால் காணும். பேசிப் பாக்க இன்னொரு தரம் எண்டு வைப்பம். மூண்டாந்தரம் என்னத்துக்கு வந்தவர்?

இவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. நல்ல மனிசன். என்ரை சாப்பாட்டுப் பெட்டியை விடிய எழும்பிக் கட்டி வைச்சிட்டுத்தான் வேலைக்குப் போறவர். ஆனால் கதை இல்லை. நான் அலுமாரியைத் திறந்தால் அறையை விட்டு எழும்பிப் போறார். சேலையை மடிச்சு வைக்கேக்கை ஒரு நாள் கண்ணாடியிலை அவற்றை முகம் தெரிஞ்சது. களவெடுத்த பிள்ளையின்ரை முகம்.

அந்த ஒபிஸர் எனக்கு விளங்கப்படுத்தினவன். பொய் லேபிளோடை வித்தால் விக்கிற ஆளிலைதானாம் குற்றம், வாங்கினவர் ஏமாந்தவராம். அப்ப உங்களிலை ஒராள் பொய். நீங்கள் எண்டால் கவுன்சில் பாக்கும். அவர் எண்டால் நான் என்ன செய்ய? தெரிஞ்சுகொண்டு அத்தனை பேர் தொட அதைத் தட்டத்திலை வைச்சவர் எண்டால், இனி அவர் சொல்லுற எதை நான் நம்புறது? ஊரிலை அம்மா அப்பாவை விட்டிட்டு இந்த ஒரு மனிசனை நம்பித்தான் நான் இஞ்சை நிக்கிறன்.

தெரியுமோ, தெரியாதோ? அடுத்த கிழமை வரைக்கும் பாப்பன். பிறகு சேலையைத் தூக்கிக்கொண்டு கவுன்சிலுக்குப் போறன்.

செல்வமலர்

*

வெம்பிளி
25.10.1987, ஞாயிறு

தங்கச்சி மலருக்கு,

இன்னிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால திருப்பி வைக்கிற நாள். வருஷா வருஷம் இந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்யிறதுன்னு எனக்குத் தெரியாது. இந்த வருஷம் அதை வச்சு உங்களுக்கு எழுதுறேன்.

கேட்டதுக்குப் பதில்: அவருக்குத் தெரியாது.

நான்தான் ஏமாத்தினேன். அவர் பட்டு கேட்டாரு, நான் பாலியஸ்டரைக் குடுத்து பட்டுன்னு சொன்னேன். லேபிளும் நான் வச்சதுதான். ஆம்பளை ஆளு தனியா வந்தாரு, துணி தெரியாது, சுலபமா ஏமாத்திட்டேன். மூணாவது வாட்டி வந்தது ஜாக்கெட் துணி வாங்க, வேற ஒண்ணும் இல்ல. கீழ என் கையெழுத்தும் கடை முத்திரையும் போட்டிருக்கேன். கவுன்சில் ஆளுகிட்ட இந்தக் கடுதாசியைக் குடுங்க. மொழிபெயர்க்க ஆள் வேணும்னா சொல்லுங்க, நானே வந்து வாசிச்சுக் காட்டுறேன்.

நீங்க அந்த ஓட்டையை விரலால மூடிக்கிட்டு நெருப்பைச் சுத்தினீங்கன்னு எழுதினீங்க. ரெண்டு வாரமா எனக்கு அந்த விரல்தான் கண்ணுல நிக்குது. நேத்து கடையில கண் அசந்துட்டேன். கனவுல என் சேலை எல்லாத்துலயும் ஒரு விரல் அளவுக்கு ஓட்டை, ஒவ்வொண்ணுலயும் வெளிச்சம் வருது. பயமாவே இல்ல, அழகா இருந்துச்சு.

விரலை எடுத்துருங்கம்மா. அவர் மேல ஒண்ணும் இல்ல.

அமராவதி

*

வால்தம்ஸ்டோ
1.11.1987

அமராவதி அவர்களுக்கு,

உங்கடை கடிதத்தைச் சேலையோடை ஒபிஸரிட்டைக் குடுத்திட்டன். ஃபக்டரியிலை என்னோடை வேலை செய்யிற எங்கடை ஊர்ப் பெர்னடெற் வந்து வரி வரியா இங்கிலீசிலை சொன்னவ. உங்களைக் கூப்பிடுவினம், கோர்ட்டுக்கும் நீங்கள் போகவேண்டி வரும் எண்டு அவன் சொன்னான். போங்கோ. பன்னெண்டு வருசம் ஒருத்தரும் குறை சொல்லேல்லை எண்டு எழுதினியளே, எத்தினை பேர் நெருப்புக்குப் பக்கத்திலை போகாமல் தப்பினவை எண்டு ஆருக்குத் தெரியும்? நாடு விட்டு நாடு வந்து, ஆக்கள் இல்லாமல், ஷூவைக் கழட்டிப்போட்டு உள்ளை வந்த ஒரு மனிசனை ஏமாத்த உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

ஆனால் ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு வீட்டை வந்து நான் நல்லாய் நித்திரை கொண்டனான். கலியாணம் முடிஞ்சு முதல் தரமா. எழும்பேக்கை இவர் தேத்தண்ணியோடை நிண்டவர், நான் சும்மா சிரிச்சன். மனிசன் பயந்துபோனார். கொழும்பிலை இருக்கிற தம்பியை இஞ்சை கூப்பிடுவமோ எண்டு அண்டைக்குத்தான் முதல் தரம் வாய் திறந்து கேட்டவர். ஓம் எண்டனான்.

இதுக்காக உங்களுக்கு நன்றி சொல்லமாட்டன்.

செல்வமலர்

*

வெம்பிளி
20.11.1987

மலருக்கு,

நீங்க எனக்கு எழுத வேணாம்னு நெனைச்சிருப்பீங்க. நான் எழுதுறேன், படிச்சுட்டுக் கிழிச்சுருங்க.

இங்க கவுன்சில்லேருந்து ஒருத்தர் வந்தாரு. ஒல்லியா, மழைக்கோட்டோட, ரொம்ப மரியாதையான ஆளு. என் கடையில ஒவ்வொரு சேலையா எடுத்து ஓரத்துலேருந்து ஒரு நூலை உருவி, வாசல்ல நின்னு லைட்டரால கொளுத்தி மோந்து பாத்தாரு. பூரா மத்தியானமும் அதே வேலை. மயிர் கருகுன வாசனை, சாம்பிராணி, மழை எல்லாம் கலந்து கடையே ஒரு மாதிரி மயக்கமா இருந்துச்சு. நான் டீ போட்டுக் குடுத்தேன். எதுவும் வாங்கிக் குடிக்கக் கூடாதாம், ஆனா குடிச்சாரு.

பட்டுன்னு போட்டதெல்லாம் பட்டு. பாலியஸ்டர்னு போட்டதெல்லாம் பாலியஸ்டர். அவருக்கு ஒரே குழப்பம். "மேடம், அந்த ஒண்ணை மட்டும் ஏன் இப்படிச் செஞ்சீங்க?"ன்னு கேட்டாரு. ஒண்ணு போதும்லன்னேன். எழுதிக்கிட்டாரு.

அப்புறம் மேல் தட்டுல இருந்த ஒரு அரக்குச் சிவப்பு கூறையை எடுத்துக் கொளுத்திப் பாத்துட்டு, இது அசல் பட்டாச்சே, இதுல ஏன் லேபிள் இல்லன்னு கேட்டாரு. எலி கடிச்சுருச்சுன்னு சொன்னேன். எலி லேபிளை மட்டும் நேர்கோட்டுல கடிக்குமான்னு சிரிச்சாரு. நல்ல ஆளுமா, அவரை எனக்குப் புடிச்சுருக்கு.

கோர்ட் கடுதாசி எப்போ வரும்னு தெரியல. கடையை இழுத்து மூடச் சொன்னா இந்தச் சேலைங்களை எங்க கொண்டு போறதுன்னு ஒரு கவலை, வேற இல்ல. உங்க மேல கோவம் ஒண்ணும் கிடையாது. நீங்க நல்லாத் தூங்குறீங்கன்னு எழுதினீங்களே, அந்த வரியை மறுபடி மறுபடி படிச்சேன்.

அமராவதி

*

வால்தம்ஸ்டோ
6.12.1987, ஞாயிறு

அமராவதி அக்காவுக்கு,

அக்கா எண்டு எழுதிப்போட்டன். வெட்டமாட்டன்.

போன செவ்வாய்க்கிழமை இவற்றை வேலைச் சட்டையைத் தோய்க்க எடுத்தனான். பொத்தான் ஒண்டு கழண்டு, இவர் தானே தைச்சு வைச்சிருந்தார். நான் தைச்சுத் தாறன் எண்டால் விடமாட்டார், நீ நாள் முழுக்கத் தைக்கிறாய் எண்டுவார். பாத்தன். முடிச்சு மேல்பக்கம். துணிக்கு அடியிலை போடவேண்டிய முடிச்சை மேலை, நாலு தரம் சுத்தி, பெரிசா. தையல் தெரிஞ்ச ஒருத்தரும் அப்படிப் போடாயினம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிச்சுக்கொண்டிருக்கேக்கையே சட்டையைக் கீழை போட்டிட்டு அலுமாரிக்கு ஓடினன்.

சேலையை ஒபிஸர் படம் எடுத்திட்டுத் திருப்பித் தந்திட்டான். அலுமாரியைத் திறந்து லேபிளைப் பிரட்டினன். நாலு மூலையிலையும் முடிச்சு மேல்பக்கம். நாலு தரம் சுத்தி.

மூண்டு மாதமா ஓட்டையையே பாத்துக்கொண்டு இருந்திருக்கிறன், தையலைப் பாக்கேல்லை. மெஷினுக்கு முன்னாலை இருந்து தையல் பிழை பிடிச்சுச் சம்பளம் வாங்கிற நான்! அந்த லேபிளைத் தைச்சது நீங்கள் இல்லை. எலி கடிச்சது எண்டு நீங்கள் சொன்ன பட்டுக்கூறையிலை இருந்து வெட்டின லேபிள் அது. இவருக்குத் தெரியும். தெரிஞ்சு, தன்ரை கையாலை தைச்சுத் தந்திருக்கிறார்.

முதலிலை உங்களிலைதான் கோபம் வந்தது. என்ரை வீட்டுக்காகப் பொய் சொல்லச் சொல்லி உங்களை ஆர் கேட்டது? ஒரு பொய்யோடை கிடந்த எனக்கு இரண்டாவதும் தந்து நித்திரை கொள்ள வைச்சிருக்கிறியள். பிறகு, அந்த ஒபிஸர் உங்கடை கடையிலை நூல் கொளுத்தினதை நினைச்சன். கோர்ட்டிலை நீங்கள் போய் நிக்கிறதை நினைச்சன். அழுகை வந்திட்டுது.

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டிட்டு ஒபிஸரிட்டைப் போனன். அந்தக் கடிதம் உண்மை இல்லை, லேபிள் தைச்சது என்ரை புருசன் எண்டு சொன்னன். அவன் பேனையை மூடி வைச்சான். பிறகு சொல்லுறான், சட்டம் வியாபாரம் செய்யிற ஆக்களுக்குத்தானாம். புருசன் பெஞ்சாதிக்கு ஒரு சாமானைக் குடுக்கிறது வியாபாரம் இல்லையாம். "சொறி மிஸிஸ் சிவானந்தன், புருசன்மார் எங்கடை பகுதிக்குள்ளை வராயினம்" எண்டான். பகிடிக்குச் சொல்லேல்லை, உண்மையாய்க் கவலைப்பட்டுத்தான் சொன்னவன்.

உங்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வரும். லேபிளை வெட்டிக் குடுத்ததுக்கு. அதோடை முடிஞ்சுது.

எனக்குத்தான் முடியேல்லை. இவரை நான் இன்னும் கேக்கேல்லை. ஏன் மாத்தினவர் எண்டு நீங்களும் எனக்குச் சொல்லவேண்டாம், வேறை ஆற்றையும் வாயாலை அதை நான் கேக்கமாட்டன். அவர் சொல்லட்டும். சொல்லுவாரோ எண்டு எனக்குத் தெரியாது. சாப்பாட்டுப் பெட்டி இப்பவும் கட்டித்தான் வைக்கிறார். நான் திறந்து சாப்பிடுறன், ருசி தெரியேல்லை.

லேபிளை அவிட்டு இதோடை வைச்சு அனுப்புறன். அது எந்தச் சேலைக்கு உரியதோ அதிலை தைச்சு விடுங்கோ. முடிச்சு அடியிலை வரட்டும்.

செல்வமலர்

*

வெம்பிளி
13.12.1987

என் தங்கச்சி மலருக்கு,

லேபிள் வந்துச்சு. ரொம்ப நேரம் உள்ளங்கையிலயே வச்சுட்டு உக்காந்திருந்தேன். இவ்ளோ சின்னது, எவ்ளோ ஆட்டம் ஆட வச்சுருச்சு. அன்னிக்கே தைச்சுட்டேன். நீங்க சொன்ன மாதிரி முடிச்சு அடியில.

காரணத்தைச் சொல்ல வேணாம்னுட்டீங்க, சொல்லல. நான் பாத்ததை மட்டும் சொல்லலாம்ல? அந்த அசல் பட்டு அவர் முதல் வாட்டி வந்து எடுத்து வைக்கச் சொன்னது. ரெண்டாவது வாட்டி வந்து வீட்டுக்குக் கொண்டு போனாரு. மூணாவது வாட்டி, உங்க கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்ன, அதைத் திருப்பிக் கொண்டாந்தாரு. குடுத்துட்டு விலை கம்மியான சிவப்பை எடுத்து, மீதிக் காசை வாங்கிக்கிட்டாரு. அந்தப் பட்டு லேபிளை இதுல தைக்கச் சொன்னாரு, நான் தைக்க மாட்டேன்னுட்டேன். கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக் குடுத்தது மட்டும் நான். என் கடையில முதலும் கடைசியுமா செஞ்ச தப்பு அது. அவரே ஊசி வாங்கி, இதே ஸ்டூல்ல உக்காந்து தைச்சாரு. ஊசி குத்திக் குத்தி விரல்ல ரத்தம். சிவப்புச் சேலைதானே அக்கா, தெரியாதுன்னாரு. போறப்ப அந்தப் பட்டை இன்னொரு வாட்டி விரிச்சுக் காட்டச் சொன்னாரு. காட்டினேன். கையைப் பின்னால கட்டிக்கிட்டு, தொடாம, பாத்துக்கிட்டே நின்னாரு. ஷூவைப் போட மறந்து மழையில கொஞ்ச தூரம் நடந்து போயிட்டுத் திரும்பி வந்தாரு.

யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அன்னிக்கு வாக்குக் குடுத்தேன். நீங்க எழுதினப்போ, அவரைக் காட்டிக் குடுக்கிறதா, என்னைக் காட்டிக் குடுக்கிறதான்னு பாத்தேன். ரெண்டாவது எனக்கு லேசா இருந்துச்சு, அவ்வளவுதான். உங்களுக்கு அது இன்னொரு பொய்னு அப்போ எனக்கு உறைக்கல. மன்னிச்சுருங்கம்மா.

கவுன்சில் எச்சரிக்கை வந்துருச்சு. கல்லா பக்கத்துல ஒட்டி வச்சிருக்கேன். இப்போ யாரு கூறை கேட்டாலும், அவங்க முன்னாலயே ஒரு நூலை உருவிக் கொளுத்திக் காட்டுறேன். கடை பூரா அந்த வாசனைதான். எனக்கு அது புடிச்சுப் போச்சு.

அவர் சொன்னாருன்னா ஒரு வரி எழுதுங்க. சொல்லலன்னாலும் எழுதுங்க.

உங்க அக்கா
அமராவதி

*

வால்தம்ஸ்டோ
17.4.1988, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு மாதம் உங்களைக் காக்க வைச்சிட்டன். எழுத ஒண்டும் இருக்கேல்லை. அவரும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. ரெண்டு பேரும் ஒரு வீட்டுக்குள்ளை கால் சத்தம் கேக்காமல் நடந்து திரிஞ்சம். இடையிலை ஒரு நாள் அந்த ஓட்டையைச் சிவப்பு நூலாலை இழையோட்டினன். கிட்டப் பாத்தால் தெரியும்.

நேற்று இவற்றை தம்பி வந்து இறங்கினவர். நாங்கள் ஹீத்ரோ எயாப்போட்டுக்குப் போனம், பெரியம்மா பாலாம்பிகையும் வந்தவ. நல்ல காரியத்துக்குக் கட்டலாம் எண்டு நான் கூறையைக் கட்டிக்கொண்டு போனன். இவர் என்னைப் பாத்திட்டுக் குனிஞ்சு ஷூவைக் கட்டினவர். ஆறு மணித்தியாலம் நிண்டம். கதவு திறக்கத் திறக்க ஆரோ ஆரோ வந்தினம், கட்டிப்பிடிச்சினம், போச்சினம். எனக்குக் கால் விறைச்சு, விளக்கு எல்லாம் மங்கி, நித்திரையும் முழிப்பும் இல்லாமல் கிடந்தது. கடைசியா ஒரு மெலிஞ்ச பெடியன் வந்தான். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். இவர் ஓடிப்போய்ப் பிடிச்சவர் விடேல்லை.

பெரியம்மாவுக்கு எந்த இடத்திலை எதைக் கதைக்கிறதெண்டு இல்லையெல்லோ. தம்பியை என்னட்டை இழுத்துக்கொண்டு வந்து, "இதுதான் உங்கடை அண்ணி. பாத்தியளே தம்பி, அண்ணர் எடுத்த கூறை, பியூர் சில்க்!" எண்டவ. சுத்தி நிண்ட சனத்துக்கும் கேட்டிருக்கும்.

நான் வழமை போலை அந்த இடத்தைப் பெருவிரலாலை மூடிக்கொண்டு நிண்டன்.

இவர் சொன்னார்: "இல்லைப் பெரியம்மா. அது பட்டில்லை. பட்டைக் குடுத்துத்தான் இவனை எடுத்தனான்."

பெரியம்மா வாயைத் திறந்தபடி நிண்டவ. இவர் நிப்பாட்டேல்லை. என்னைப் பாத்துச் சொன்னார், எல்லாருக்கும் முன்னாலை. கலியாணத்துக்கு முதல் கிழமை தம்பி கொழும்பிலை பொலிசிட்டைப் பிடிபட்டவராம். வெளியிலை எடுக்க உடனை காசு வேணுமாம். எனக்குச் சொன்னால் எங்கடை ஆக்கள் கலியாணத்தைத் தள்ளிப்போடுவினம், பிறகு நான் கிடைக்கமாட்டன் எண்டு பயந்தவராம். "உன்னை ஏமாத்தினது நான்தான். லேபிளும் நான்தான் தைச்சனான்" எண்டார்.

எனக்குத் தெரியும் எண்டு நான் சொல்லேல்லை, அக்கா. அவர் சொல்லி முடிக்கட்டும் எண்டு நிண்டன். தம்பி குனிஞ்சு சேலை ஓரத்தைத் தொட்டுக் கண்ணிலை ஒத்தினவர். நான் அழுதன், எனக்கு வெக்கம் ஒண்டும் வரேல்லை.

அப்பத்தான் பெருவிரலை எடுத்தனான்.

உங்கடை
மலர்